கடிதம் கைக்கு வந்து சேரும் வரை

(நமது தோட்டப் பாடசாலையில் படித்து, இவ்வருடம் உயர்கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் செல்லும் பழைய மாணவர்களுக்குப் பாராட்டு விழா நடைபெற்றது. அதே பாடசாலையின் பழைய மாணவியும் ஓய்வுபெற்ற ஆசிரியையுமான ஒருவர் அவ்விழாவில் ஆற்றிய உரை இது. விழாவுக்கு வர முடியாத பெற்றார் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



பத்து நிமிடம் பேசுங்கள் டீச்சர் என்று அதிபர் சொன்னார். முப்பத்தொன்பது வருடம் வகுப்பில் பேசிப் பழகிய வாய் இது. பத்து நிமிடத்தில் நிற்காது. மணி அடித்தால் நிறுத்திக்கொள்கிறேன்.

இவர்கள் எங்கே போகிறார்கள்?

அதிபர் பெயர்களை வாசித்தபோது பின்வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "அது என்னா படிப்பு? படிச்சா என்னா வேல?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நல்ல கேள்வி. கை தட்டுவதற்கு முன்னால் எதற்காகத் தட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். ஆகவே நான் பெயர்களை விட்டுவிட்டு, படிப்பைச் சொல்கிறேன்.

முதலாவதாக நிற்கும் பிள்ளை பதுளைக்குப் போகிறாள். அங்கே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. இவளுடைய அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறார். அப்பா ஸ்டோரில் வேலை செய்கிறார். பச்சைக் கொழுந்து எப்படி வாடி, அரைபட்டு, நிறம் மாறி, தேயிலையாகிறது என்பது அவருடைய மூக்குக்கும் கைக்கும் தெரியும். ஒரு நாள் வாசம் தூக்கலாக வருவதும் மறுநாள் மட்டமாகப் போவதும் ஏன் என்று மகள் படிக்கப் போகிறாள். நம்மவர்கள் நூற்றைம்பது வருடமாகக் கையால் அறிந்ததை இவள் எழுத்தில் அறியப் போகிறாள். நாளைக்குத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் இவளுக்கு ஒரு மேசை கிடைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இரண்டாவது தம்பி பேராதனைக்கு, கலைப்பீடத்துக்குப் போகிறார். புவியியல் படிக்க ஆசை என்கிறார். ஏன் என்று கேட்டேன். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது இந்தத் தம்பி சின்னப் பையன். "அண்டைக்கி ராத்திரி எங்க அப்பா தூங்கவே இல்ல டீச்சர். எங்க லயத்துக்குப் பின்னாலயும் மலைதானே. மலை ஏன் சரியுதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்றார். இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை.

மூன்றாவது பிள்ளை பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு, ஆரம்பக் கல்விப் பிரிவுக்குத் தெரிவாகியிருக்கிறாள். மூன்று வருடப் பயிற்சி. இரண்டு வருடம் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் படிப்பித்துப் பழக வேண்டும். ஜெர்மன் நாட்டு உதவியோடு மலையகப் பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டப்பட்ட கல்லூரி அது. இன்றைக்கு நமது பாடசாலைகளில் நிற்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் அந்த வாசலால் வந்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நான்காவது பிள்ளை தாதியர் பயிற்சிக்குப் போகிறாள். இவள் விஞ்ஞானப் பிரிவில் படித்தவள். தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்க நமது பக்கம் ஆசிரியர் போதாது. நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள் கூட வேறு வழியில்லாமல் கலைப்பிரிவுக்குப் போகிறார்கள். இவள் விடியற்காலை பஸ் ஏறி டவுனுக்குப் போய், இருட்டிய பிறகு வீடு வந்து படித்தாள். பஸ் நின்ற நாட்களில் நடந்தாள். இந்த மாலையில் பாதி, பஸ் தரிப்பிடத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு காத்து நின்ற அவளுடைய பாட்டிக்குச் சேர வேண்டியது.

ஐந்தாவது தம்பியின் பெயரை வாசித்தபோது கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. நான் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார். உயர்தரத்தில் இவருக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போதுமான புள்ளி கிடைக்கவில்லை. வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மின்சார வேலை பழகி, தேசிய தொழிற்தகைமையில் நான்காம் மட்டச் சான்றிதழ் எடுத்திருக்கிறார். இப்போது ஐந்தாம் மட்டத்துக்கு, டிப்ளோமாவுக்குப் போகிறார். இந்தத் தகைமையில் ஏழாம் மட்டம் என்பது பட்டம். அதற்கென்று இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆக, இவர் ஏறுவது வேறு ஏணி. அது போய்ச் சேரும் இடமும் உயரம்தான். இவருக்கு இப்போது ஒரு தடவை சரியாகக் கை தட்டுங்கள் பார்ப்போம்.

(கைதட்டல்)

அப்படித்தான்.

துரையின் பாடசாலை

நான் இந்தப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர்ந்தது 1971 ஆம் ஆண்டு. அப்போது இது அரசாங்கப் பாடசாலை இல்லை. தோட்டத்தின் பாடசாலை. ஒருவகையில் தனியார் பாடசாலை என்றே சொல்லலாம். கட்டிடம் தோட்டத்துடையது, மாஸ்டருக்குச் சம்பளமும் தோட்டம்தான். ஒரே நீள மண்டபம். ஐந்து வகுப்புக்கும் ஒரே மாஸ்டர். ஒரு மூலையில் 'அ' சொல்லும்போது மறுமூலையில் வாய்ப்பாடு சொல்வோம். ஐந்தாம் வகுப்போடு பாடசாலை முடிந்தது. அதற்கு மேலே மலை, கூடை, கவ்வாத்துக் கத்தி.

தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவு கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1907 இலும் 1920 இலும் சட்டம் வந்தது. சட்டத்தில் இருந்தது ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை. பத்து வயதுக்கு மேலே நமக்குப் படிப்பு எதற்கு என்றுதான் எண்ணம். 1945 இல் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். நாட்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை கதவு திறந்தது. தோட்டப் பாடசாலை அந்தக் கதவுக்கு வெளியே நின்றது. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நம்மவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இல்தான். அப்படியென்றால் இலவசக் கல்வி மலை ஏறி நம் லயத்துக்கு வந்து சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு ஸ்வீடன் நாட்டின் சீடா உதவியோடு பல இடங்களில் கட்டிடம் வந்தது, தோட்டத்து இளைஞர்களுக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. எஞ்சியிருந்த நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இல் வந்தது.

இவ்வளவையும் நான் சொல்வது குறை பாட அல்ல. அந்த நெருக்கடிக்குள்ளும் ஆள் எழும்பியிருக்கிறார்கள். வட்டகொடை மடகும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஹட்டனிலும் கொழும்பிலும் படித்தார். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். நம்முடைய வாழ்க்கையை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி உலகத்துக்குக் காட்டினார். ஒருவர் போனார். அவருக்குப் பின்னால் வரிசை வரவில்லை. வரிசை வருவதற்குப் பாடசாலை வேண்டும். இன்றைக்கு இந்த மேடையில் வரிசையாக ஐந்து பேர் நிற்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த காலத்தில் இந்தத் தோட்டத்திலிருந்து அப்படி ஒருவரும் போனதில்லை.

ஒன்பது நாள்

இப்போது ஒரு கதை சொல்ல வேண்டும். கதைக்குரியவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். "பேரச் சொல்லாத. கதைய மட்டும் சொல்லு" என்று காலையில் எனக்கு அனுமதி தந்தார்.

நானும் அவரும் ஒரே லயம். ஒன்றாக முதலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்போடு மற்றப் பெண்பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். எங்கள் இருவரையும் மாஸ்டர் எங்கள் அப்பாமாரிடம் வந்து கெஞ்சி டவுன் பாடசாலைக்கு அனுப்ப வைத்தார். நான்கு மைல். குறுக்குப் பாதையில் நடப்போம். மழை நாளில் அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவோம். படிப்பில் அவர் என்னைவிட ஒரு படி மேல். கணக்கு எனக்கு அவர்தான் சொல்லித் தந்தார். 1984 இல் இருவரும் உயர்தரம் எடுத்தோம். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஆசிரியர் நியமனத்துக்கு இருவரும் ஒரே நாளில் மனுப் போட்டோம்.

அப்போது லயத்துக்கு ஏது விலாசம்? இன்றைக்கும் பல தோட்டங்களில் லயத்துக் காம்பிராவுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயருக்குத்தான் கடிதம் வரும். ஒபீஸில் கட்டிப் போட்டு வைப்பார்கள். யாராவது அந்தப் பக்கம் போனால், "இந்தா, உங்க லயத்துக்கு ஒரு கடுதாசி" என்று கொடுப்பார்கள். நான் அந்த நேரம் டவுனில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். ஆகையால் மாமாவின் விலாசத்தைப் போட்டிருந்தேன். அவர் தோட்டத்து விலாசத்தைப் போட்டார்.

நேர்முகப் பரீட்சைக்கு வரும்படி எனக்குக் கடிதம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும் என்றே நினைத்தேன். போன இடத்தில் அவரைக் காணவில்லை. உடம்புக்குச் சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டு, அன்று பின்னேரமே தோட்டத்துக்கு வந்தேன். அவர் மலையிலிருந்து வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னா, இண்டைக்கி வந்திருக்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் இருவரும் ஒபீஸுக்குப் போனோம். மேசைக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் கடிதம் இருந்தது. வந்து ஒன்பது நாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பெட்டிக்குள் போட்டவருக்கு அது ஒரு காகிதம். அவ்வளவுதான். திகதி போய்விட்டது. கச்சேரிக்குப் போனோம், மனு எழுதினோம். பதில் இல்லை. அடுத்த தடவை மனுக் கோரியபோது அவருடைய அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். தம்பிமார் சின்னவர்கள். அவர் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனார். போனவர் முப்பது வருடத்துக்கு மேல் போனார்.

எனக்குப் பென்சன் வருகிறது. என்னை எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் புத்தியும் அல்ல, உழைப்பும் அல்ல. ஒரு விலாசம்.

இன்றைய ஒன்பது நாள்

இந்தக் கதை பழைய காலம், இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் பிள்ளைகள் இன்றும் அதே இடத்தில்தான் தவறிப் போகிறார்கள். பரீட்சையில் அல்ல. பரீட்சைக்கும் கல்லூரி வாசலுக்கும் நடுவில்.

கணக்குப் பாருங்கள். உயர்தரம் எழுதி முடிந்து பெறுபேறு வரச் சில மாதம். பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைநூல் வெளியிட்டு விண்ணப்பம் கோரும். பிறகு வெட்டுப்புள்ளி வரும். பிறகு பதிவு. பிறகு வகுப்புத் தொடங்கும். எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலேயும் போகும். அந்த ஒரு வருடம் பிள்ளை வீட்டில் இருக்கிறது. "சும்மாதானே இருக்கு" என்கிறோம். கொழும்பிலிருந்து யாராவது வருகிறார்கள். கடையில் வேலை, சாப்பாடு இருப்பிடம் இலவசம் என்கிறார்கள். பிள்ளையும், "கொஞ்ச நாளைக்கித்தானே, அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று போகிறது. கடையில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விண்ணப்ப முடிவுத் திகதி கடையிலேயே கழிகிறது. இப்படிப் போன பிள்ளைகளை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதில் ஒரு பையனுக்குப் பெறுபேற்றுத் தாளில் மூன்று பாடமும் நல்ல சித்தி. அவர் இப்போதும் ஒரு புடவைக் கடையில் மேசைக்குப் பின்னால் நிற்கிறார்.

ஆகவே, பெற்றாரே, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இதை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஒன்று. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் 'செல்வி', மற்றதில் 'செல்வியம்மா' என்று இருக்கும். அப்பாவின் பெயர் ஒன்றில் முழுதாக, மற்றதில் பாதியாக இருக்கும். திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சாதாரண தரம் எழுதும்போதே திருத்திவிடுங்கள்.

இரண்டு. விண்ணப்பம் இப்போது கணினி வழியாக. அதற்குக் கொடுக்கும் தொலைபேசி இலக்கம் பிள்ளையின் கையில் எப்போதும் இருக்கும் இலக்கமாக இருக்கட்டும். கடைக்காரரின் இலக்கம், பக்கத்து வீட்டு அண்ணனின் இலக்கம் வேண்டாம். இன்றைய விலாசம் அதுதான்.

மூன்று. கைநூலைத் தமிழில் வாங்கி முழுதாக வாசியுங்கள். பிள்ளை எந்தப் படிப்பை முதலில் போடுகிறது, எதை இரண்டாவது போடுகிறது என்பதில் வாழ்க்கை தங்கியிருக்கிறது. கூட்டாளி போட்ட ஒழுங்கைப் பார்த்துப் போடாதீர்கள். பதுளைக்குப் போகும் இந்தப் பிள்ளை எடுத்த படிப்பு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. கைநூலின் உள்ளே இருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

நான்கு. "எங்க புள்ளைக்கு அந்த மார்க்ஸ் பத்தாது" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். விஞ்ஞானம், பொறியியல், வர்த்தகம் போன்ற பல படிப்புகளுக்கு இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை வரிசையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிகிறது. இன்னும் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் வந்த மாவட்டங்கள். இது பிச்சை அல்ல. ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் படித்த பிள்ளைக்குச் செய்யும் நியாயம். ஆனால் விண்ணப்பம் போடாத பிள்ளைக்கு எந்த வீதமும் உதவாது.

ஐந்து. பணம். மகாபொல புலமைப்பரிசில் 1981 இல் தொடங்கியது. அது கிடைக்காதவர்களுக்கு வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவிப் பணமும் உண்டு. இவற்றுக்கு வருமானச் சான்று கேட்பார்கள். கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் முன்கூட்டியே போய்ப் பாருங்கள். இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக 1947 இல் ஏற்படுத்தப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் ஒன்று இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்டது. அதன் விண்ணப்பம் எப்போது வருகிறது என்று அதிபரிடம் கேட்டு வையுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மகாபொலப் பணம் முதல் நாளே கைக்கு வராது. முதல் சில மாதம் கையில் காசு வேண்டும். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதில் அரிசி, மா, வைத்தியம், சங்கக் காசு எல்லாம் போய் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். ஆகவே பிள்ளை உயர்தரம் படிக்கத் தொடங்கும்போதே ஒரு சீட்டில் சேருங்கள். அந்தச் சீட்டு காதுகுத்துக்கும் அல்ல, திருவிழாவுக்கும் அல்ல. பிள்ளையின் முதல் மூன்று மாதத்துக்கு.

பொம்பளப் புள்ளையா?

சென்ற வாரம் ஓர் அப்பா என்னிடம் வந்தார். "டீச்சர், பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் எப்பிடி அனுப்புறது? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களே" என்றார். நான் அவரைக் கோபிக்கவில்லை. பயம் பாசத்தில் வருவது. ஆனால் இதே அப்பாவின் அக்கா மகள் பதினெட்டு வயதில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனாள். இன்னொருத்தி வெளிநாட்டுக்கே போனாள். அப்போது நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போகும்போது இல்லாத தூரம் படிக்கப் போகும்போது மட்டும் எப்படி வருகிறது?

"சரி, பதிவுக்கு நீங்களும் கூடப் போங்க. விடுதியக் கண்ணால பாருங்க. பாத்துட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க" என்றேன். போனார். அந்த அப்பா இப்போது மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டு இருக்கிறார்.

என் பிள்ளைகளுக்கு

இனி உங்களோடு பேசுகிறேன், மாலை போட்ட பிள்ளைகளே.

முதல் வருடம் கஷ்டமாக இருக்கும். ஆங்கிலம் கஷ்டமாக இருக்கும். ஊவா வெல்லஸ்ஸவில் படிப்பே ஆங்கிலத்தில்தான். மற்றவர்கள் கணினியில் விரல் ஓட்டும்போது நமக்கு விரல் நடுங்கும். கெட்டிக்காரர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆறு மாதம் பொறுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். விளங்கவில்லை என்று கையைத் தூக்கும் பிள்ளைதான் எந்த வகுப்பிலும் கரை சேரும்.

எந்த ஊர் என்று கேட்பார்கள். டவுன் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், டிவிசனின் பெயரையும் சொல்லுங்கள். உங்களுக்குப் பிறகு வரும் பிள்ளைக்கு அந்தப் பெயர் பழகிய பெயராக இருக்கும்.

பகிடிவதை என்று யாராவது உங்களைக் கொடுமைப்படுத்தினால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றம். உடனே விரிவுரையாளருக்குச் சொல்லுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். படிப்பை விட்டுவிட்டு ஓடி வர வேண்டாம்.

வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டுமே என்று மனம் அடிக்கும். முதல் வருடத்தில் அதை நினைக்காதீர்கள். உங்கள் அம்மா உங்களிடம் எதிர்பார்ப்பது காசு அல்ல என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

இம்முறை எங்குமே தெரிவாகாத பிள்ளைகளும் இங்கே வந்திருக்கிறார்கள். கூட்டாளிக்குக் கைதட்ட வந்த உங்கள் மனசு பெரிய மனசு. உயர்தரத்தை மறுபடியும் எழுதலாம். கல்வியியற் கல்லூரி, தொழிற்பயிற்சி, உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள், திறந்த பல்கலைக்கழகம் என்று வாசல் பல இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். "ஆறு மாதத்தில் பட்டம், இலட்சம் ரூபா கட்டுங்கள்" என்று பத்திரிகையிலும் போனிலும் விளம்பரம் வரும். அந்தப் பட்டம் அங்கீகாரம் பெற்றதா என்று மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரிக்காமல் அம்மாவின் சேமலாப நிதியில் கை வைக்காதீர்கள்.

ஒரு கொப்பி

கடைசியாக ஒரு வேண்டுகோள். மணி அடிக்கப் போகிறார்கள் என்று தெரிகிறது.

இதோ என் கையில் இருப்பது நூற்றறுபது பக்கக் கொப்பி. கடையில் வாங்கியது. இதில் நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளையின் பெயர், லயம், தொலைபேசி இலக்கம், எந்தப் பரீட்சை எழுதினார், எதற்கு விண்ணப்பித்தார், கடைசித் திகதி என்ன, கடிதம் வந்ததா, போய்ச் சேர்ந்தாரா. எட்டுக் கட்டம். கடைசிக் கட்டம் நிரம்பும் வரை அந்தப் பிள்ளையை நாம் விடுவதில்லை. கொழும்புக் கடையில் இருந்தாலும் தேடிக் கூப்பிட வேண்டும்.

பழைய மாணவர் சங்கம் இதைப் பொறுப்பெடுக்க வேண்டும். மேடையில் நிற்கும் ஐந்து பேரும் லீவுக்கு வரும்போது ஒரு பின்னேரம் இந்தக் கொப்பியோடு உட்கார வேண்டும். தம்பி தங்கைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். நீங்கள் இந்தப் பாடசாலைக்குச் செய்யக்கூடிய கைம்மாறு அதுதான். கட்டிடம் கட்டித் தரச் சொல்லவில்லை, சிலை வைக்கச் சொல்லவில்லை. ஒரு பின்னேரம். விண்ணப்பத் திகதிகளை இந்தச் செய்தி மடலில் போடும்படி நிதியத்தாரிடம் கேட்டேன். சம்மதித்திருக்கிறார்கள்.

கொப்பியை யார் கையில் கொடுப்பது என்று யோசித்தேன். அதிபர் மாற்றம் வந்தால் போய்விடுவார். நான் எத்தனை நாளோ தெரியாது. அதனால் காலையில் என் கூட்டாளியின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஒன்பது நாள் கடிதம் பெட்டிக்குள் கிடந்த அதே கூட்டாளியிடம். "எனக்கெதுக்கு இதெல்லாம், நாந்தான் படிச்சு ஒண்ணும் கிழிக்கலையே" என்றார். பிறகு கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "கடைசித் தேதிக்கி முன்னால இன்னொரு கட்டம் போடு. பத்து நாளைக்கி முன்ன ஞாபகப்படுத்தினமான்னு எழுதுறதுக்கு" என்றார்.

போட்டுவிட்டேன். இப்போது ஒன்பது கட்டம். கணக்கில் அவர் அன்றைக்கும் என்னைவிட ஒரு படி மேல்தான்.

கூட்டம் முடிந்ததும் கொப்பி வாசலில் உள்ள மேசையில் இருக்கும். பக்கத்தில் அவர் இருப்பார். இந்த வருடம் உயர்தரம் எழுதும் பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும் பெயரைப் பதியாமல் படி இறங்க வேண்டாம். போகும்போது அவரை 'டீச்சர்' என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பிள்ளைகளே, போய் வாருங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள், நன்றாகப் படியுங்கள்.